இங்கிலீஷ் மேஜர் மௌரீன்

பல்வலியோடு பெங்களூர் தொம்மலூர் கிளினிக்குக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது மௌரீனின் குரலைத்தான். “உக்காருங்க, டாக்டர் இப்பக் கூப்பிடுவார்” என்று அவள் சொன்னால், அந்த ‘இப்ப’ ஒரு மணி நேரமாக நீண்டாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அவசரமில்லாத குரல். ஒரு சொல்லை முழுசாக இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கையில் எடுக்கும்.

அந்தக் குரல் கிளினிக்கில் வளர்ந்ததல்ல, காக்ஸ் டவுன் கோயிலில் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிக்கச் சின்ன வயதில் மேடையேறியவள் இன்றுவரை இறங்கவில்லை. விடிகாலையில் தமிழ்ப் பூசை, அது கலைந்ததும் இங்கிலீஷ் பூசை. எதில் ஆள் வராவிட்டாலும் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரின் கண் மௌரீன் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத்தான் தேடும்.

பியூசி முடித்த வருஷம் இங்கிலீஷ் இலக்கியம் படிக்க அவளுக்கு ஒரு நல்ல காலேஜில் இடம் கிடைத்தது. அதே மாதத்தில் அப்பா மதலைமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. காலேஜில் சேரச் சொன்ன நாளில் மௌரீன் ஒரு கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்தாள். பிறகு வேலையில் சேர்ந்தாள். தம்பி நீல் அவள் சம்பளத்தில் படித்து ஆளானான், லவினாவைக் கல்யாணம் செய்து அதே வீட்டுக்குக் கூட்டிவந்தான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகக் கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்ந்தார்கள். இனித் தன்னை எதிர்பார்த்து யாரும் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தபோது மௌரீனுக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வருஷமே ஒரு ஈவினிங் காலேஜில் பி.ஏ. சேர்ந்தாள்.

“எதுக்குக்கா இப்ப டிகிரி? ப்ரமோஷன் ஏதாவது வருதா?” என்று லவினா கேட்டாள்.

“பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல என்னம்மா ப்ரமோஷன்?”

“அப்ப டீச்சர் வேலைக்கா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“படிக்க.”

லவினா புருஷனைப் பார்த்தாள். நீல் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து நெற்றியில் கை வைத்து, “இங்கிலீஷ் மேஜர் மௌரீன்! சல்யூட்!” என்றான். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் அதுதான்.

ஆனால் மேஜர் ஆவது அவ்வளவு சுலபமில்லை. அந்தக் காலேஜில் முதல் இரண்டு வருஷம் இங்கிலீஷ், சோஷியாலஜி, ஹிஸ்டரி என்று எல்லாரும் மூன்றையும் படிக்க வேண்டும். மூன்றாம் வருஷம் அதில் ஒன்றுதான் மேஜர். இங்கிலீஷ் வேண்டும் என்கிறவர்கள் டிபார்ட்மென்ட் வைக்கிற கவிதைத் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வில் பாடமும் கிடையாது, பாடல் விளக்கமும் கிடையாது. இதுவரை பார்த்தேயிராத ஒரு கவிதையைக் கையில் கொடுப்பார்கள். எழுதியவர் பெயர்கூட இருக்காது. அதைப் படித்து, அதைப் பற்றி எழுத வேண்டும்.

பார்த்திராததைப் படிப்பது மௌரீனுக்குப் பயமா என்ன? பூசை தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் உபதேசியார் நீட்டிய எத்தனையோ வாசகங்களைத் தடுமாறாமல் படித்தவள் அவள். அந்த நம்பிக்கையோடுதான் முதல் வருஷம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

கவிதை எடுத்தவர் ஸ்னேஹா மேடம். மல்லேஸ்வரத்துத் தமிழ்க்காரர், மௌரீனைவிட ஏழெட்டு வயது இளையவர். வகுப்புக்குள் இங்கிலீஷ் தவிர வேறு பேசமாட்டார். வராந்தாவுக்கு வந்துவிட்டால் வீட்டுத் தமிழ் தானாக வந்துவிடும். ஒரு நாள் அவர் ஒரு பாழுங்கிணற்றைப் பற்றிய சின்னக் கவிதையைப் படிக்கச் சொல்லி மௌரீனை எழுப்பினார். பகலெல்லாம் எங்கெங்கோ வேலை செய்துவிட்டு வந்து பாதித் தூக்கத்தில் இருந்த வகுப்பு, இரண்டாம் வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி வரியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் மூடிய மௌரீன், ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று இங்கிலீஷில் சொல்லி முடித்தாள்.

சொன்னது அவளில்லை, வாய்தான். கோயிலில் வாசகம் முடிந்ததும் அப்படிச் சொல்லிச் சொல்லி அத்தனை வருஷப் பழக்கம். கடைசி பெஞ்சில் ஒரு மங்களூர்ப் பையனும் ஒரு கேரளத்துப் பெண்ணும் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே பழக்கம்தான். ‘இறைவா உமக்கு நன்றி’ என்று இரண்டு பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அந்தப் பையன் பாதி எழுந்தும்விட்டான்.

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. ஸ்னேஹா மேடமே போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். மௌரீனுக்குப் பக்கத்தில் உட்காருகிற விஜி, ஒக்கலிபுரத்துப் பெண், துணிக்கடையில் பகல் வேலை, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “இன்னாக்கா, உண்டியல் எப்ப வரும்?”

மௌரீனும் சிரித்தாள். காது மட்டும் சுட்டது. அதை ஒரு வேடிக்கை என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், அவளும்தான். அதற்குள் ஒரு விஷயம் இருந்தது என்று தெரிய இரண்டு தோல்வி வேண்டியிருந்தது.

முதல் தோல்வி இரண்டாம் வருஷத்தில் வந்தது. தேர்வில் கொடுத்தது ஒரு எறும்பைப் பற்றிய கவிதை. மௌரீன் பக்கம் பக்கமாக எழுதினாள். உழைப்பின் பெருமை, பொறுமையின் பலன், சிறியோரை இகழாமை. எழுதி முடித்தபோது கண் கலங்கக்கூட இருந்தது. பேப்பர் திரும்பி வந்தபோது அவள் தேறவில்லை. ஸ்னேஹா மேடம் வராந்தாவில் அவளைத் தனியாக நிறுத்தினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கோ மௌரீன். நீங்க எழுதினதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் கவிதையப் படிக்காமயே இவ்வளவும் எழுதியிருக்கலாமே?”

படிக்காமலா! எழுத ஆரம்பிப்பதற்கு முன் எத்தனை தடவை படித்தாள்! மௌரீன் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து மறுபடி எடுத்தாள். எறும்பு வரவே இல்லை, மேடம் சொன்னது சரி. எறும்பின் பெயரைச் சொல்லி எதையெதையோ பேசியிருந்தாள்.

அடுத்த தடவைக்கு அவென்யூ ரோடு புத்தகக் கடைகளுக்குப் போய் ஒரு கைடு வாங்கினாள். உவமை, உருவகம், முரண், ஓசை என்று கவிதைக்குள் இருக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் அதில் பெயர் இருந்தது. கிளினிக்கில் ஒரு ரூட் கெனாலுக்கும் அடுத்ததற்கும் நடுவே உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். தேர்வில் வரிக்கு வரி பெயர் ஒட்டினாள். அதிலும் போயிற்று.

“கவிதையோட எலும்பையெல்லாம் சரியா எண்ணிட்டீங்க,” என்றார் ஸ்னேஹா மேடம். “அது நடக்குமா, ஓடுமான்னு ஒரு வார்த்தை எழுதலையே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னும் ஒரு சான்ஸ் இருக்கு, ஆகஸ்ட்ல. அதுலயும் போச்சுன்னா சோஷியாலஜிதான். டிபார்ட்மென்ட் ரூல், நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

வீட்டில் அன்று லவினா நல்லெண்ணத்தோடுதான் பேசினாள். “சோஷியாலஜில என்னக்கா கொறஞ்சுபோச்சு? அதுவும் பி.ஏ.தானே. நீங்க பாஸ் பண்ணிட்டே வர்ற சப்ஜெக்ட்.”

“ஆமாக்கா,” என்றான் நீல். “யாரு கேக்கப் போறாங்க, மேஜர் எதுன்னு? ஃப்ரேம் போட்டு மாட்டினா எல்லாம் ஒரே சர்டிஃபிகேட்.”

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த மௌரீன் குழாயை மூடினாள்.

“அன்னிக்கு ஒருவாட்டி விட்டுக் குடுத்தேன். அது அப்பாவுக்கு. சந்தோஷமாத்தான் குடுத்தேன். இப்ப யாருக்கு நீல் விட்டுக் குடுக்கணும்? சொல்லு, குடுத்துடறேன்.”

அன்று விட்டுக்கொடுத்ததில் தன் பங்கும் இருந்தது நீலுக்குத் தெரியும். லவினா எழுந்து வந்து அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். “சனி, ஞாயிறு சமையல் இனிமே என்னது. நீங்க அந்தப் பக்கமே வராதீங்க. பிரியாணி கெட்டுப்போனாலும் வராதீங்க.”

அடுத்த ஞாயிறு இங்கிலீஷ் பூசையில் மௌரீன் வாசகம் படித்தாள். படித்து இறங்கி முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் எப்போதும் போலத் தொடங்கினார்: ‘இந்த வாசகம் இன்று நமக்குச் சொல்வது என்ன?’

மௌரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய வாக்கியம். எறும்புக் கவிதைக்கு அவள் எழுதிய முதல் வரி, ‘வாசகம்’ இருந்த இடத்தில் ‘கவிதை’. ‘இந்தக் கவிதை இன்று நமக்குச் சொல்வது என்னவென்றால்.’ அதற்குப் பிறகு பொறுமை, உழைப்பு, தாழ்மை என்று அவள் எழுதிய வரிசைகூட அவர் பேசுகிற வரிசைதான். இத்தனை வருஷமாக வாசகம் முடிந்து உட்கார்ந்ததும் காதில் விழுந்தது எல்லாம் பேனாவில் இறங்கியிருந்தது. அவள் எழுதி வைத்தது பிரசங்கம்.

அவளுடைய வேலை அதுவாக இருந்ததே இல்லை. படிப்பதுதான் அவள் வேலை. சனிக்கிழமை பகலில் சமையலறை ஜன்னல் ஓரம் நின்று அடுத்த நாள் வாசகத்தைத் தயார் செய்வாள். முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக. எங்கே மூச்சு வாங்கலாம், எங்கே கூடாது, எந்தச் சொல்லில் குரல் கனக்கிறது, எங்கே தானாக இறங்குகிறது என்று பென்சிலால் கோடு போடுவாள். வாசகம் படிக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு: அழக்கூடாது, அதட்டக்கூடாது, விளக்கக்கூடாது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. இதையெல்லாம் வாசகத்துக்குச் செய்தவள், கவிதை என்று வந்ததும் படிப்பதை முடித்துவிட்டு ஓடிப்போய்ச் சாமியார் இடத்தில் நின்றுகொண்டாள். மங்களூர்ப் பையன் பாதி எழுந்த அன்றே அது தெரிந்திருக்க வேண்டும்.

பிரசங்கம் முடிந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். மௌரீன் ஒரு கணம் தாமதமாக எழுந்தாள்.

அன்று தொடங்கி ஆகஸ்ட் வரை அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. கைடை லவினாவின் பழைய பேப்பர் அடுக்கில் போட்டாள். காலேஜ் லைப்ரரியிலிருந்து விஜி கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு கவிதையை எடுத்துத் தருவாள். விஜி முதல் தடவையே தேறியவள். எப்படித் தேறினாள் என்று கேட்டால் “சும்னே எழுதினேன்க்கா” என்று கன்னடம் கலந்து சொல்வாள். வகுப்பு தொடங்குவதற்கு முன் காலேஜ் வாசல் டீக்கடையில் நின்று மௌரீன் அதைச் சத்தமாகப் படிப்பாள். டீ ஆற்றுகிறவருக்கு இது பழகிப்போய், அவள் படிக்கும்போது பாட்டுப் பெட்டியைக் குறைத்துவிடுவார்.

“சரி, இந்தக் கவிதையில வர்ற பொம்பள ஏன்க்கா ஒவ்வொரு ஜன்னலா மூடிகினு போறா?” என்றாள் விஜி ஒரு நாள்.

“தெரியல.”

“தெரியலன்னா எப்டி? பரீட்சையில ‘தெரியல’ன்னு எழுதுவியா?”

“இரு. முதல் ஜன்னல் மூடும்போது எனக்கு நல்லா மூச்சு வந்துச்சு. ரெண்டாவதுல கொறஞ்சுது. கடைசி ஜன்னல்கிட்ட வாயே தொறக்க முடியல, எல்லாம் சின்னச் சின்ன வார்த்தை. அவ வீட்ட மூடல விஜி. காத்த வெளிய தள்ளுறா.”

விஜி டீ கிளாஸை மேசைமேல் வைத்தாள். “இத எழுதுக்கா.”

“எழுதத்தான் வரமாட்டேங்குது.”

உண்மைதான். வாய்க்குத் தெரிந்தது கைக்கு எளிதில் தெரியவில்லை. ‘குரல் இங்கே இறங்குகிறது’ என்று எழுதினால், ஏன் என்று அடுத்த வரி கேட்டது. சில நாள் ஒரு பக்கம் எழுதிக் கிழிப்பாள். சில நாள் கிளினிக்கில் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிற யாராவது, அவள் முணுமுணுப்பதைப் பார்த்து, ஜெபம் சொல்கிறாள் போலிருக்கிறது என்று மரியாதையாகத் தலை குனிந்துகொள்வார்கள். மௌரீன் விடவில்லை. கேட்டதை எழுது, கேட்காததை எழுதாதே. இதைத் தனக்கே சட்டமாக வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் தேர்வு வந்தது. தோற்றவர்கள் நாலைந்து பேர்தான், பெரிய ஹாலில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். கொடுத்த கவிதையில் இரண்டு சகோதரர்கள் காலி செய்கிற வீட்டிலிருந்து ஒரு கனமான பீரோவைப் படிக்கட்டில் இறக்குகிறார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ‘இரு’ என்று ஒருவன் மூன்று இடத்தில் சொல்கிறான். பீரோ தெருவுக்கு வந்ததும் கவிதை நின்றுவிடுகிறது.

மௌரீன் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தாள். பேனாவை எடுத்தாள். சகோதர ஒற்றுமை, குடும்பம் என்னும் சுமை, இரண்டும் அவள் மனசின் வாசலில் வந்து நின்றன. ‘இந்தக் கவிதை நமக்கு’ என்று கை எழுதியும்விட்டது. அவள் அதை அழுத்திக் கோடு போட்டு அடித்தாள். மறுபடி படித்தாள்.

பிறகு எழுதினாள். படி இறங்குகிற வரிகளில் மூச்சு வாங்க இடமே இல்லை, படிக்கட்டு திரும்புகிற இடத்தில்தான் ஒரே ஒரு நிறுத்தம் வருகிறது, படிக்கிறவளும் அங்கேதான் பீரோவைக் கீழே வைக்க முடிகிறது. முதல் ‘இரு’ பிடி நழுவுகிற அவசரத்தில் வருகிறது. இரண்டாவது களைப்பில். மூன்றாவது வருகிறபோது பீரோ ஏற்கெனவே தரையில் இருக்கிறது. இறக்க ஒன்றும் மிச்சமில்லை, பிறகும் அவன் ‘இரு’ என்கிறான். அதை முதல் இரண்டைப் போலப் படிக்கப் பார்த்தால் குரல் ஒத்துழைக்க மறுக்கிறது. அது பீரோவுக்குச் சொன்னதல்ல, தம்பிக்குச் சொன்னது. கவிதை நின்ற இடத்தில் மௌரீனும் நின்றுவிட்டாள். மணி அடிக்க நேரம் இருந்தது. இருந்தும் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

பத்து நாள் போல ஆகியிருக்கும். ஸ்னேஹா மேடம் அவளை ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்தார். மேசைமேல் அவள் பேப்பர் விரிந்து கிடந்தது.

“உக்காருங்கோ. மூணாவது ‘இரு’ பத்தி எழுதியிருக்கேளே, எனக்கு ரொம்பப் பிடிச்சது.”

மௌரீன் உட்காரவில்லை. “பாஸா மேம்?”

“பாஸ். ஆனா தொட்டும் தொடாம பாஸ். முடிவுரை எங்க?”

“முடிவு சொல்றது என் வேல இல்லன்னு விட்டுட்டேன் மேம். கோயில்ல நாங்க படிப்போம். சொல்றது ஃபாதர்.”

ஸ்னேஹா மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “இங்க ஃபாதர்னு யாரும் கெடையாது மௌரீன். மொதல்ல படிக்காம சொன்னேள். இப்ப நன்னா படிச்சுட்டு, சொல்ல வேண்டிய எடத்துல எழுந்து போயிட்டேள். மேஜர்னா ரெண்டும் வேணும். என்ன தோணித்தோ அதை உங்க வாயால சொல்லணும். தப்பா இருந்தா சண்டை போடலாம், பரவால்ல.”

“சண்டையா?”

“ஆமா. மூணாம் வருஷம் பூரா அதுதான்.”

வெளியே விஜி காத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு மௌரீனைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. வீட்டில் நீல் இந்தத் தடவை உண்மையாகவே எழுந்து நின்று சல்யூட் வைத்தான். லவினா பிரியாணியைக் கெடுக்காமல் செய்திருந்தாள்.

மூன்றாம் வருஷ இங்கிலீஷ் வகுப்பு சின்ன அறைக்கு மாறியது. இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். இரண்டாம் வாரத்தில் ஸ்னேஹா மேடம் ஒரு நீளமான கவிதையைக் கொடுத்தார். சிக்னலில் நிற்கிற காருக்குள்ளிருந்து ஒருவர், ரோட்டோரம் வெயிலில் ஜல்லி சுமக்கிற ஒரு பெண்ணைப் பார்த்து மனம் உருகுகிறார். படித்தவர்கள் எல்லாரும் அருமை என்றார்கள். மங்களூர்ப் பையன் தொண்டை அடைத்துவிட்டது என்றான்.

“மௌரீன்?” என்றார் மேடம்.

மௌரீன் எழுந்தாள். முழுக் கவிதையையும் முதலில் ஒரு தடவை படித்தாள், அழாமல், அதட்டாமல். படித்து முடித்து, தாளை மேசைமேல் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் இங்கிலீஷில் சொன்னாள்:

“எனக்கு இந்தக் கவிதை பிடிக்கவில்லை.”

ஸ்னேஹா மேடத்தின் கை போர்டில் பாதியில் நின்றது. “ஏன்?”

“காருக்குள் இருக்கிறவர் பெருமூச்சு விட இதில் நிறைய இடம் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியிலும் விடுகிறார். அந்தப் பெண் வருகிற வரிகளில் நான் குரலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவள் ஜல்லியைக் கீழே வைக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. அவரை ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய இரக்கத்துக்கு அவள் அப்படியே நிற்க வேண்டியிருக்கிறது. இவர் அவளைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறார்.”

“அது அநியாயம்,” என்று மங்களூர்ப் பையன் எழுந்தான். “சிக்னலில் நிற்கிறவனுக்கு எவ்வளவுதான் தெரியும்? அவன் பார்த்ததைத்தானே எழுத முடியும்?”

“அப்படியானால் பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். நாலாவது பத்தியில் அவளுடைய கனவைப் பற்றி எழுதுகிறாரே, அதை எங்கே பார்த்தார்?”

யாரோ ‘ஓ’ என்றார்கள். பையன் தாளைப் புரட்டி நாலாவது பத்தியைத் தேடினான். பதில் அவனிடமும் இருந்தது, வாயைத் திறந்தான். விஜி கீழிருந்து மௌரீனின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருக்கா, சொல்லிட்ட இல்ல?”

“இன்னும் முடிக்கலடி,” என்றாள் மௌரீன்.